சாலைக்குக் கீழே ஒரு மனை

என் தம்பி ஃபிராஸுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. ஜோர்டானில் எங்கள் ஸல்ட் நகரத்து வீடுகளில் அடுப்பும் குளிர்கால ஹீட்டரும் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. அடுத்தவர் வீடுகளுக்குள் போய்ப் போய், தனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டியைப் பிய்த்து என் மேசைமேல் அறை அறையாக வைப்பான். "அக்கா, இங்க ஜன்னல். இங்க ருதைனாவோட சமையல்கட்டு." நான் தட்டை நகர்த்தினால் கூடத்துச் சுவர் இடிந்துவிட்டதாகக் கோபித்துக்கொள்வான்.

ருதைனாவோடு நிக்காஹ் எழுதி இரண்டு வருடம் ஆகியிருந்தது. விருந்து வைத்து அழைத்து வருவதுதான் பாக்கி. அதற்கு அவள் அப்பா அபு ஹைதம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "மழைக்கு முன்னாடி வீடு எழும்பணும். இல்லன்னா எழுதினதை முறிச்சுக்கலாம். என் பொண்ணு வாடகை வீட்டுக்குப் போக மாட்டா." போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னால் செய்கிற ஆள்.

இந்த மடையன் வாங்கிய மனையைக் கேளுங்கள். சாலைக்குக் கீழே, சரிவில். எதிர்ப்பக்கத்து மனை விலையில் பாதிதான். புரோக்கர் வசந்த காலத்தில் காட்டியிருக்கிறான், முழங்கால் உயரத்துக்குப் புல். இன்ஜினியர் சொன்னார்: "நாலு இடத்துல குழி போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பணத்தைக் குடுங்க." அதற்கு இவன், "புல் முளைக்குதே சார், மண்ணில்லாமலா முளைக்கும்?" என்றானாம். அந்த மண் ஒரு சாண்தான் இருந்தது. அதற்குக் கீழே முழுக்கப் பாறை.

வீடு என்றால் சுவரும் கூரையும்தான் என்று கணக்குப் போட்டிருந்தான். முதல் கல் வைப்பதற்கு முன்னால் இவ்வளவு செலவு இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சொன்னவரையும் கேட்கவில்லையே! பாறை உடைக்கும் பொக்லைனுக்கு மணிக்கூலி. அது இறங்குவதற்கு முதலில் ஒரு பாதை. உடைத்த கல்லை அள்ள லாரி, கொட்டுகிற இடத்துக்குத் தனிக் காசு. மேலே சாலை சரிந்து விழாமல் இருக்க ஆள் உயரத்துக்கும் மேலே தடுப்புச் சுவர். சாக்கடைக் குழாயோ சாலையில் ஓடுகிறது, வீடு வரப்போவது அதற்கும் கீழே.

"அப்போ கழிவெல்லாம் மேல எப்படிடா ஏறும்?"

"மோட்டார் வைக்கணுமாம்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"கக்கூஸுக்கு மோட்டாரா! கரண்ட் போனா என்னடா பண்ணுவ, அபு ஹைதம் வீட்டுக்கு ஓடுவியா?"

சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான். வேலைக்கு நடுவில் மனைக்கு ஓடுவான், பொக்லைன் இடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பான், ஒவ்வோர் அடிக்கும் அவன் காசுதான் போகிறது. சுவர் பாதியில் நின்றபோது கையில் ஒன்றுமில்லை. ருதைனா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் பெண்ணுக்குப் போட்ட தங்கம் பெண்ணுடையது. அதை மாப்பிள்ளை தொட்டான் என்று தெரிந்தால் முகத்தில் காறித் துப்புவார்கள். அவள் நீளக் கையுள்ள சட்டையாகப் போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் இவன் அந்த வேலையைச் செய்தான். ஒரு நாள் அபு ஹைதம் காரில் இவனையும் ருதைனாவையும் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போயிருக்கிறார். "எதுடா உன் வீடு?" என்று கேட்டிருக்கிறார். இவன் விரல் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே அபு லைத் என்கிற மனிதர் கட்டுகிற வீடு, தூண்கள் எழும்பி அழகாக நின்றது. கிழவருக்கு முகமெல்லாம் பல்.

"வாய் தவறிடுச்சு அக்கா."

"வாயா தவறுச்சு? விரலை நீட்டினவன்தானே நீ! இன்னைக்கே போய்ச் சொல்லித் தொலை."

"இந்தக் குழியைக் காட்டி, இதுதான் வீடுன்னு எப்படி அக்கா சொல்றது? முறிச்சிடுவாரு."

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளினான். இலையுதிர் காலமும் வந்துவிட்டது, அடுத்து மழைதான்.

தளம் போடுகிற நாளில் ஆடு அறுத்து வேலையாட்களுக்கு மன்ஸஃப் என்கிற கறிச்சோறு வைப்பது எங்கள் வழக்கம். அபு லைத் வீட்டுக்குக் கான்கிரீட் லாரி வந்த செய்தி யார் மூலமோ அபு ஹைதம் காதுக்குப் போயிருக்கிறது. நான் மனைக்கு ஃபிராஸுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். பார்த்தால், ஒரு பிக்கப் வந்து நிற்கிறது. பின்னால் கொழுத்த ஆடு. முன்னால் அபு ஹைதமும் அவர் தம்பியும் ருதைனாவும். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் ஆட்டை இறக்கித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். அபு லைத் திகைத்துப்போய், "வாங்க, வாங்க. நீங்க யாருன்னு தெரியலையே" என்றார்.

"என் மாப்பிள்ளை வீட்டுக்குத் தளம் போடறாங்க, என்னையே யாருன்னு கேக்கறியா? நீ யாரு, மேஸ்திரியா?"

"இது என் வீடுங்க."

ஃபிராஸ் குழியிலிருந்து ஏறி வந்தான். தலை, மீசை எல்லாம் வெள்ளைத் தூசி. "மாமா, அது இல்ல" என்றான். கையைக் கீழே காட்டினான். "என்னோடது அது."

அபு ஹைதம் சாலை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். பாறை, ஒரு சுவர், கலவைத் தொட்டி.

"வீடு எங்கடா?"

"இன்னும் வரல மாமா. எல்லாம் இதுலயே போயிடுச்சு."

"எல்லாம்னா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் ருதைனா முன்னால் வந்தாள். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி, வெறும் கையை நீட்டினாள். "என் வளையலும்தான் வாப்பா. அவர் கேக்கல. நானாத்தான் குடுத்தேன்."

அவள் சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அபு ஹைதமின் கழுத்து நரம்பு புடைத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"வண்டில ஏறு" என்றார் மகளிடம்.

அவள் ஏறவில்லை. திரும்பி, நல்ல செருப்போடு அந்தக் கல் பாதையில் குழிக்குள் இறங்கிப் போனாள். கீழே போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அபு லைத் மெதுவாக வந்து, "உங்க ஆடு..." என்றார்.

"இறக்கினதைத் திருப்பி ஏத்துற பழக்கம் எனக்கு இல்ல. அறுங்க!" என்று கத்தினார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னையும் என் தம்பியையும் அந்தப் புரோக்கரையும் சேர்த்துத் திட்டியபடியே அவரும் இறங்கினார்.

கீழே சுவர் முன்னால் நின்று, "இதுல என் பொண்ணோட தங்கம் எது?" என்றார்.

ஃபிராஸ் சுவரில் கை வைத்து நடந்தான். மூலையில் தொடங்கி, தண்ணீர் வடிகிற துளை வரைக்கும். "இவ்வளவும், மாமா."

அபு ஹைதம் அந்த இடத்தில் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். இன்னொரு தரமும் தள்ளினார். சுவர் அசையவில்லை.

"நாளைக்குக் காலையில என் மகனுங்களோட வர்றேன்" என்றார் மூச்சு வாங்க. "ஆடெல்லாம் கொண்டுவர மாட்டேன். சிமெண்ட்தான்."