நில்லு, நீள்ளு

கிருஷ்ணகிரிக் கடைத்தெருவில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். ஓசூர் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, "கம்பவுண்டர் சார், நம்ம மரகதம் அம்மா காலைல தவறிட்டாங்க. விஷக் காய்ச்சலாம்" என்றார். கண்டக்டருடைய பிள்ளைகள் எல்லாம் அந்த அம்மையாரின் கையில் பிறந்தவர்கள். திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். குருபரப்பள்ளி தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏன் கோபம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மரகதம் அம்மையார் ஓசூர்த் தாய்சேய் நல விடுதிக்கு மருத்துவச்சியாக வந்தபோது நான் பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கும்பகோணம் பக்கம். இங்கோ ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடும். "என் தமிழை வெச்சுக்கிட்டு உங்க ஊர்ல கத்திரிக்காய்கூட வாங்க முடியலை" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை.

நரசம்மா என்று ஒரு பெண். தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம், வீட்டிலேயே தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு அம்மையார் பக்கத்தில் இருந்தார். நரசம்மா அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரே சொல்லை முனகினாள். டாக்டரின் வண்டி வருவதற்குள் அடங்கிவிட்டாள்.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார் அம்மையார். "கம்பவுண்டர், தெலுங்குல தண்ணிக்கு என்ன?"

"நீள்ளு" என்றேன்.

அவள் பிடித்திருந்த சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நில்லுன்னு சொல்றாள்னு நினைச்சேன். நான் எங்கேயும் போகலைம்மா, இங்கேதான் நிக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது இந்தப் பக்கத்துக் கட்டுப்பாடு. அதனால் சொல் புரிந்தவர்கள் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கக் கூடியவருக்குச் சொல் புரியவில்லை. இவ்வளவு உதிரம் போனபின் தண்ணீரால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். "பிழைச்சிருக்க மாட்டாள், சரி. தாகத்தோட போகணும்னு என்ன இருக்கு?" என்று கேட்டார் அம்மையார்.

அதற்குப்பின் அவர் தெலுங்கும் கன்னடமும் வெறியோடு கற்றார். ஆனால் பாஷை வந்தாலும் குடத்தின் மூடி திறக்கவில்லை. "பச்ச ஒடம்பும்மா. தண்ணி குடுத்தா ஜன்னி கண்டுரும். அப்புறம் நீயா வந்து பாப்பே?" என்று மாமியார்கள் மறித்தார்கள். அவர்களும் மருமகளின் உயிருக்குப் பயந்துதான் சொன்னார்கள்.

ஒருநாள் காலிப் பாட்டில்களைக் கூடையில் கொண்டுவந்து என் முன் வைத்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் துளி சிவப்புச் சாயமும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு நிரப்பச் சொன்னார். தண்ணீர் என்றால் தடுப்பவர்கள், மருந்து என்றால் தாங்களே ஊட்டுவார்கள் அல்லவா. இது பொய் என்று நான் சண்டை போட்டேன். "பொய்யை நான் சுமக்கறேன். நீங்க பாட்டிலைச் சுமங்க" என்றார். அவரிடம் வாயாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

சிவப்பு மருந்துக்கு ஊரூராகப் பேர் வந்தது. அதுவே வினையாயிற்று. சானமாவுக் காட்டோரத்தில் ஒரு குடியிருப்பு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. யானைகள் பாதையை மறித்து நின்றதால் பாட்டில் போய்ச் சேரத் தாமதமாயிற்று. அம்மையார் போனபோது வீட்டார் அந்தப் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "செவப்பு மருந்து வரட்டும்னு இருந்தோம்மா. வேற எதுவும் வாயில வைக்கல" என்றார் அவளுடைய புருஷன். அவளுக்கு உயிர் போயிருந்தது.

திரும்பி வந்து கூடையைக் கவிழ்த்தார். பிறகு அந்தப் பாட்டில் போன ஒவ்வொரு வீட்டுக்கும் தாமே போய், "அது வெறும் தண்ணிதான், நான்தான் ஏமாத்தினேன்" என்று சொன்னார். வேண்டாம் என்று தடுத்தேன், கேட்கவில்லை. சிலர் ஏசினார்கள். சில வாசல்கள் அவருக்கு அடைபட்டன. திறந்த வீடுகளில் அவர் வாதாடவில்லை. அவர்கள் குடத்துத் தண்ணீரையே மொண்டு, முதலில் தாம் குடித்துக் காட்டி, பிறகு தாய்க்குக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். "தாய்க்குக் காய்ச்சணும், உங்களுக்கு வேண்டாமா?" என்று திட்டினேன். "நான் குடிக்கத் தயங்கினா அவங்க எப்படிக் குடுப்பாங்க?" என்றார். அந்தத் தண்ணீரில் வந்த விஷக் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோயிற்று. என் கோபம் இதுதான். யார்மீது கோபப்படுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

ஓசூரில் இறங்கியபோது விடுதி வாசலில் பெண்கள் கைக்குழந்தைகளோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவரை ஏசிய வீட்டுப் பெண்களையும் கண்டேன். உள்ளே கௌரம்மா தலைமாட்டில் இருந்தாள். விடுதி ஆயா, கன்னடக்காரி. காய்ச்சல் கண்ட நாள்முதல் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க சார். குரலே எழும்பல. நீள்ளுன்னாங்களா, நில்லுன்னாங்களா, வெளங்கல."

"நீ என்ன செஞ்சே?"

கௌரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணி குடுத்தேன் சார். கையப் புடிச்சிக்கிட்டு அங்கியே நின்னேன்."

போய் வாருங்கள், அம்மா. இந்தத் தடவை இரண்டுமே கிடைத்தன.