மேஸ்திரி ஊற்றிய மோர்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மில்லைப் பூட்டிவிட்டார்கள். நான் நூல் சுற்றும் பிரிவில் இருந்தேன். வேலையில்லாத மாலைகளில் முதலியார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் ஒன்றாக உட்காருவோம். பத்தாவது வரை படித்தவள் என்பதால் நூலகத்திலிருந்து நாவல் எடுத்துவந்து வாய்விட்டுப் படிப்பது என் பொறுப்பு.

அந்த முறை கையில் சிக்கியது கரும்பு வெட்டப் போன ஒரு குடும்பத்தின் கதை. மழை பொய்த்த ஊரிலிருந்து புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை மூவரும் லாரி ஏறுகிறார்கள். போன இடத்தில் மேஸ்திரி தண்ணீர்கூடத் தராமல் வெட்டச் சொல்கிறான். ஊர்ப் பெண்கள் குழாயடியில் அவர்கள் குடத்தை உதைத்துத் தள்ளுகிறார்கள். அதைக் கேட்டு எங்கள் பெண்கள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள். "பாவிங்க, தண்ணிக்குக்கூடவா?" என்று எங்களில் மூத்தவள் சபித்தாள்.

அன்று காலையில்தான் அவள் ஒரு குடத்தை உருட்டிவிட்டிருந்தாள். செஞ்சிப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்து, மில் மதிலோரம் கீற்றுக் குடிசை போட்டிருந்த ஒரு பெண்ணின் குடம் அது. நாங்கள் யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. கதையில் வந்தது வேறு குடம்.

படிக்கும் சத்தம் மதிலோரம் வரை போயிருக்கிறது. மறுநாள் அந்தக் குடிசைக்காரர்களும் வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த நாள் அவர்களுடைய மேஸ்திரியும் வந்தார். நாவலில் மேஸ்திரி ஒருவனைக் கரும்பாலேயே அடிக்கும் இடத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்தும்மா. என்னைப் பத்தி எவன் எழுதிக் குடுத்தான்?"

"இது கதைங்க. உங்களப் பத்தி இல்ல."

"மேஸ்திரின்னுதான போட்டிருக்கு? நாளைக்கி எவன் என்னை மதிப்பான்? திருத்திப் படி."

எங்கள் தெருவில் எந்த வழக்கும் சொல்தாவிடம்தான் போகும். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர்; அதனால்தான் அந்தப் பேர். நாற்காலியோடு வந்து, புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எழுதுனவரு இங்க இல்ல. அதனால இருக்கறவங்களே பேசி முடிச்சிக்குங்க."

பேசினோம். கதையில் மேஸ்திரி ஒரு நல்ல காரியமாவது செய்யவேண்டும் என்றார் அவர். அவருடைய ஆட்கள் கூடிப் பேசி, உச்சிவெயிலில் ஆளுக்கு ஒரு சொம்பு மோர் ஊற்றட்டும் என்றார்கள். "தக்கோர்," என்று சொல்தா தொடையில் தட்டினார். பிரெஞ்சில் அது 'சரி'. எங்கள் தெருவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத மோரை ஊற்றினேன். கறிவேப்பிலைகூடக் கிள்ளிப் போட்டேன். மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவன்தான் மேஸ்திரி," என்றார்.

மறுநாள் வில்லியனூர்ப் பக்கத்து வயலில் உச்சிவேளை வந்ததும் அத்தனை பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்களாம். "மோரு எங்க?" என்றார்களாம். ஊர் பார்க்க அழுத மனுஷன் என்ன செய்வார்? ஆள் அனுப்பி வாங்கிவரச் சொன்னார். வெட்டு முடியும்வரை மோர் நிற்கவில்லை.

குடம் உருட்டப்பட்ட பெண் அதோடு விடவில்லை. "மேஸ்திரியத் திருத்திட்டீங்க. அந்தக் கொழாயடிப் பொம்பளைங்க மட்டும் அப்டியேதான் இருப்பாங்களா?" என்று கேட்டாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். கடைசியில் உருட்டியவளே வாய் திறந்தாள்.

"ஏண்டி, அவளுங்களும் தண்ணி விடறதா படிச்சிடேன். என்னா கொறஞ்சிடப் போவுது?"

படித்தேன். விடிந்ததும் எங்கள் குடங்களுக்கு நடுவே அவர்கள் குடமும் நின்றது. மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இடம் விட்டாள். ஆனால் விட்டாள்.

பிறகு ஆளாளுக்குத் திருத்தம் கேட்டார்கள். கரும்பு ஏற்றும் லாரி டிரைவர் வந்து, கதையில் லாரி கவிழக்கூடாது என்றார். குழந்தைக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று சொல்தாவே உத்தரவு போட்டார். கொஞ்ச நாளில் நாவலில் கெட்டவர் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தக் குடும்பம் மூன்று வேளையும் சாப்பிட்டது. நான் பக்கம் பக்கமாகச் சாப்பாட்டையே படித்தேன். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். "என்னாடி இது, ஒன்னுமே நடக்கல?" என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மேஸ்திரியும் சினிமாவுக்குப் போய்விட்டார்.

மிஞ்சியது நானும் அந்தச் செஞ்சிப் பெண்ணும்தான்.

"நெசமா என்னாக்கா எழுதியிருக்கு? அந்தக் கொழந்த என்னா ஆவுது?"

"செத்துடுதும்மா. காய்ச்சல்ல."

மடியில் தூங்கிய தன் மகள்மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள்.

"எனக்கு மொதல்ல பொறந்தது அப்டிதான் போச்சி. எழுதுனவரு பொய் சொல்லல," என்றாள். "நாளைக்கி நீ திருத்திப் படிக்கற மாதிரியே படி. நான் வரேன்."

அவள் ஒருத்திக்காகவே மிச்சத்தையும் படித்தேன். வெட்டு முடிந்து லாரி ஏறிப் போனார்கள். அடுத்த வருஷம் மில் திறந்து, நான் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதிலோரம் மறுபடியும் கீற்றுக் குடிசைகள் முளைத்திருந்தன. அவளுடைய மகள் செருப்பில்லாமல், தாயின் கையை உதறிவிட்டு, ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.