தொட்டிக்குள் குடிவந்த ஊர்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் சொட்டம்மா. காலையில் பெரிய தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தேநீரே உள்ளே இறங்கும். அந்தப் பழுப்புச் சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஊர் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைத்தன. அவற்றில் காம்பில் ஆடும் மணி போன்ற ஒரு வகை அவளுடைய செல்லம். அது ஆடினால் தொட்டி சௌக்கியம்.

ஒரு திங்கட்கிழமை எதுவுமே ஆடவில்லை. யாரோ சலவைக்கூடத்துக்காரர்கள் பிளீச்சிங் மருந்தைப் பீப்பாய் கணக்கில் சாக்கடையில் கொட்டியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் கலங்கி, நாற்றம் தெருவரைக்கும் போய்விட்டது. தானாகத் தேற இரண்டு மாதமாவது ஆகும் என்று இன்ஜினியர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்றலாம் என்றாள் சொட்டம்மா. அங்கே வளர்ந்த கிருமி இங்கே பிழைக்குமா என்று அவர் இழுத்தார்.

"ஒரே வகைன்னா எனக்கும் சந்தேகம்தான் சார். இது ஒரு ஊரே குடிவர்ற மாதிரி. ஒண்ணு மிச்சம் வச்சதை இன்னொண்ணு தின்னும். நம்ம அழுக்கு ஒத்துக்கலைன்னாலும் நாலு பேராவது சமாளிச்சு எழுந்துடுவாங்க."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

டேங்கர் லாரி ஓட்டியது அவள் புருஷன். மற்றவன் பெண்டாட்டி நகை கேட்கிறாள், தன்னுடையவள் சேறு கேட்கிறாள் என்று வாசல் காவலாளியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மருந்தின் வீரியம் போய்விட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகே அவனைக் குழாயைத் திறக்கவிட்டாள். மூன்று லோடு இறங்கியது.

நாலு நாள் ஒரு மாற்றமும் இல்லை. மணிகள் சுருண்டு கிடந்தன. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஜினியர் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பி நடந்தாள்.

ஐந்தாம் நாள் காலை கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கொத்து மணிகள் காம்பை நீட்டி, சட்டென்று சுருக்கி, மறுபடி நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. வெளியே தொட்டியின் ஓரத்தில் தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது. இன்ஜினியர் ஓடிவந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மதியம் புருஷனையும் இழுத்துவந்து உட்காரவைத்தாள். வெகுநேரம் பார்த்தான்.

"இதுக்கா நான் மூணு லோடு அடிச்சேன்?"

"இதுக்குத்தான். எழுந்திரு, எனக்கு வேலை இருக்கு."

"கொஞ்சம் இரு" என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.