ஷட்டருக்குள் காலியாக இருந்த இடம்

புளியந்தீவில் நான் நடத்துகிற கடையில் இப்போது மணிக்கூட்டுக்கு பற்றரி மாற்றுவதும் போனுக்குக் கண்ணாடி போடுவதும்தான் வேலை. கமரா என்று யாரும் வருவதில்லை. பழுகாமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அந்த ஓய்வுபெற்ற ரீச்சர், துவாயில் சுற்றிய மடிப்புக் கமராவை மேசையில் வைத்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. பழைய ஜெர்மன் ஷட்டர். விசையை அழுத்தினால் தகடுகள் பாதி திறந்து அப்படியே நின்றன.

“இது உங்கட அப்பா ஒருக்காத் திருத்தினது தம்பி. அவர்ட மகன் எண்டுதான் உங்களிட்டக் கொண்டு வந்தனான்,” என்றார்.

அப்பா செத்து ஒன்பது வருடம். அவரைக் குறை சொல்லி இந்த ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பேரை விற்றுத்தான் நானும் பிழைக்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கமரா ரீச்சரின் கணவருடையது. உன்னிச்சைக் குளத்தில் வேலை பார்த்த மனிதர், இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். குளம், வயல்வட்டை, எருமை என்று வெயிலில் எடுத்த படமெல்லாம் பளிச்சென்று வருமாம். வீட்டுக்குள் எடுத்தால் மட்டும் இருட்டாம்.

“மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு எடுத்த படம் ஒண்டுமே தெரியல்ல. உங்களுக்குப் படம் எடுக்கத் தெரியா எண்டு சனத்துக்கு முன்னால ஏசிப்போட்டன். அதுக்குப் பிறகு அவர் கமராவைத் தொடல்ல. இப்ப மகள் கேக்கிறா. ஓடுற மாதிரிக் குடுக்கோணும்.”

மூன்று நாளில் வரச் சொன்னேன். மத்தியானம் ஆளில்லாத நேரம் பிரித்தேன். முன்வளையத்தைக் கழற்றி, திருகாணிகளை ஐஸ் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டேன். தகடுகள் ஐந்து, வெங்காயத் தோல்போல மெல்லியவை. எண்ணெய் பிசினாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வாவிக் காற்றுக்குப் பயந்து இங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடுவார்கள், ஷட்டர் தகட்டுக்கு எண்ணெய் நஞ்சு என்று யார் சொல்லிக் கேட்பார்கள். லைட்டர் பெற்றோலில் மூன்று தரம் கழுவி ரிசுத் தாளில் காயப் போட்டேன். அதுவரைக்கும் மனது நன்றாகத்தான் இருந்தது.

பிறகுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். ஷட்டரை ஒரு செக்கன், அரைச் செக்கன் என்று திறந்து பிடித்து வைப்பதற்குச் சிறிய பற்சக்கரக் கட்டு ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் எந்த எண்ணில் வைத்தாலும் ஷட்டர் சட்டென்று மூடிவிடும், வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் இருட்டிப் போகும். இதில் அது இல்லை. இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் வெறுமனே இருந்தன.

பக்கத்தில் ஊசியால் கீறிய எண்: 417. நடுவில் கோடு போட்ட ஏழு, அப்பாவின் ஏழு. வேலைக்கு வரும் சாமானின் ரசீதுத் துண்டு எண்ணை, கழற்றுகிற ஒவ்வொரு உறுப்பிலும் கீறிவிடுவது அவர் வழக்கம். ஒருவரின் உறுப்பு இன்னொருவரின் கமராவுக்குள் போய்விடக் கூடாதாம்.

நான் ஓ.எல். சோதனை பாசானபோது அப்பா எனக்கு ஒரு கமரா தந்தார். அதே வகை ஷட்டர். வருடத்தில் ஒரு தடவையாவது அதைப் பிரித்துத் துடைப்பேன். அதன் பற்சக்கரக் கட்டில் ஓர் எண் கீறியிருந்தது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதே இல்லை. அன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதைத் திறந்தேன். 417.

சண்டைக் காலத்தில் கொழும்புப் பாதை மூடினால் ஒரு திருகாணிகூட வராது, பிறகு போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார், மறந்திருப்பார் என்று எனக்கு நானே எத்தனையோ சமாதானம் சொன்னேன். அப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லை. அவர்மேல் வந்த கோபத்தைவிட, இத்தனை வருடம் அந்தக் கமராவைப் பெருமையாகத் தூக்கித் திரிந்த என்மேல் வந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

என் கமராவிலிருந்து பற்சக்கரக் கட்டைக் கழற்றி ரீச்சரின் ஷட்டரில் பூட்டினேன். துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தாமல் போயிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

ரீச்சர் வந்ததும் ஒரு செக்கனில் வைத்து அழுத்தச் சொன்னேன். உள்ளே சக்கரங்கள் கிர்ரென்று சுற்ற, தகடுகள் விரிந்து நின்று மூடின.

“இந்தச் சத்தம் முந்திக் கேட்டிருக்கன்,” என்றார்.

“பிழை உங்கட மனிசன்ட்ட இல்ல ரீச்சர். உள்ள ஒரு சாமான் இல்லாமக் கிடந்தது.”

“உப்புக் காத்துக்குப் போயிருக்கும்.”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வாய்வரை வந்தது.

“இல்ல ரீச்சர். அப்பாதான் கழட்டி என்ட கமராவுக்குப் போட்டிருக்கிறார். அதைத்தான் இப்பத் திருப்பிப் போட்டிருக்கன்.”

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வாடிக்கையாளர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“எங்கட மனிசன் அப்பவே சொன்னவர் மனே. உள்ளுக்குள்ள என்னவோ எடுத்துப்போட்டாங்கள் எண்டு. நான்தான், அந்தக் கடைக்காரர் அப்பிடிச் செய்யமாட்டார், உங்கட பிழைய மறைக்க ஆரிலயும் பழி போடாதீங்க எண்டு வாயை அடைச்சனான்.”

கமரா அவர் மடியில் இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை.

“செத்த மனிசனிட்ட எப்பிடி மனே மன்னிப்புக் கேக்கிற?”