வலது பக்கம்

ஆபரேஷன் முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். நானும் வீட்டுக்காரரும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எனக்கு வலது மார்பை எடுத்திருந்தார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது, கட்டி திரும்ப வரவில்லை என்று டாக்டர் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. கிளம்பும்போது பக்கத்து அறையிலிருந்த ஒரு பெண் கூப்பிட்டாள். மார்பை எடுத்த பிறகு எப்படி இருக்கிறோம் என்று என்னைப் போன்ற பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை.

"அண்ணன் வெளிய இருக்கட்டுமாக்கா?"

"இங்கயே இருக்கட்டும்மா. அவுகளுக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

கை தூக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்றே சொன்னேன். சாத்தூரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிவந்தேன். தீப்பெட்டி கம்பெனியில் குச்சி அடைக்க உட்கார்ந்தால் மதியத்துக்குள் வலது கை வீங்கி வளையல் சதையில் பதிந்துவிடும். ரவிக்கைக்குள் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்திருப்பேன். குனிந்து நிமிர்ந்தால் அது கழுத்துப் பக்கம் ஏறிக்கொள்ளும். நான் சேலையைச் சரிசெய்வதுபோல் இழுத்துவிடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"உங்க உடம்பைப் பாக்குறப்ப என்னக்கா தோணுது?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"நான் பாக்குறதே இல்லம்மா. பாவாடைய ஏத்திக் கட்டிக்கிட்டுத்தான் குளிக்கிறேன். அவுகளும் பாக்குறதில்ல. ஆபரேஷன் முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து வெளி ரூம்லதான் படுக்காக. அருவருப்பா இருக்கும்ல? நான் குத்தம் சொல்லல."

அவர் பக்கத்தில் இருப்பது தெரிந்தேதான் சொன்னேன். தனியாக அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாத்தூர் பஸ்ஸில் ஏறினோம். நாளெல்லாம் பட்டாசு லோடு ஏற்றுகிற மனுஷன், களைத்துப்போன மாதிரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். விருதுநகர் தாண்டியதும்தான் வாய் திறந்தார்.

"தூக்கத்துல என் கை உன் மேல விழுந்து தையல் பிரிஞ்சிருமோன்னு பயம். அதான் வெளிய படுத்தேன். ஆறுன பெறகு நீயே கூப்பிடுவேன்னு இருந்தேன்."

"நான் எப்படிங்க கூப்பிடுவேன்?"

"எனக்கும் கேக்கத் தெரியலயே, புள்ள."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தன் தோள் துண்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, நானே கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையைக் கழற்றினேன். முதன்முதலாக அவரோடு சேர்ந்துதான் நானும் அந்தத் தழும்பைக் குனிந்து பார்த்தேன். அக்குள் வரை ஓடிய ஒரு கோணல் கோடு. அவர் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"வலிக்கா?"

கையை வைத்ததைக் கண்ணால் பார்த்தேனே தவிர, தொட்டதே எனக்குத் தெரியவில்லை. அந்த இடம் முழுக்க மரத்துப்போயிருந்தது.

"வலிக்கலங்க" என்றேன். அவருக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டுச் சிரித்தார். சாயங்காலமே தன் பாயை உள்ளே கொண்டுவந்து போட்டார்.

அங்கே உணர்ச்சி பிறகு வரவேயில்லை. அவர் கை தூக்கத்தில் மேலே விழுந்தாலும் எனக்குத் தெரியாது. இதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.