காப்புக்குள் வந்த திகதி

மகளுக்கு முப்பத்தைந்து வயது ஆனதும் மிஸி வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மருத்துவிச்சியை மிஸி என்றுதான் சொல்வோம். கிளினிக்குக்கு வரச் சொன்னார். கர்ப்பப்பையின் கழுத்தில் தொட்டு எடுத்துச் சோதிப்பார்களாம். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். அந்தப் பேச்சுக்கு என்னால் முகம் கொடுக்க முடியாது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் என்னைக் கெடுத்தது படிப்புக் குறைவு இல்லை, வெட்கம்தான்.

மகள் போய் வந்தாள். வைரஸ் இருப்பதாகக் கடிதம் வந்தது. அன்றைக்கே அம்மனிடம் நேர்ந்தேன்: என் பிள்ளைக்குப் புற்றுநோய் இல்லையென்று சொல்லிவிட்டால் அவள் உனக்குத் தீ மிதிப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிங்களத்தில் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இந்த வைரஸ் கனபேருக்கு வந்து தன்பாட்டில போயிருமாம், அம்மா. எனக்குப் போகல்லயாம். எடுத்ததுக்கு ரெண்டு சாயம் போட்டுப் பாத்திருக்காங்க. ஒரே உயிரணுவில ரெண்டும் ஏறினா, வைரஸ் உள்ளுக்குக் கெடுக்கத் தொடங்கிட்டுதெண்டு அடையாளமாம். எனக்கு ஏறியிருக்கு."

"அப்ப புற்றுநோயா?"

"இல்ல. இப்ப அந்தக் கெட்ட கொஞ்ச இடத்த வெட்டி எடுத்துட்டா வராதாம். அண்டைக்கே வீட்டுக்கும் வரலாமாம்."

அம்மன் என் நேர்த்தியைக் கேட்டுவிட்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் கும்பிட்டபடி வந்தேன்.

திருவிழா தொடங்கியது. மகளுக்குக் காப்புக் கட்டினோம். காப்புக் கட்டியவர் தீ மிதித்து முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. வெட்டி எடுக்க ஆஸ்பத்திரி தந்த திகதி தீமிதிக்கு மூன்று நாள் முந்தி வந்தது.

"அம்மா, திகதி?"

"திகதிய மாத்தலாம் புள்ள. அம்மனுக்குச் சொன்ன சொல்ல மாத்தேலுமா?"

"அப்ப நீங்க தீய மிதிங்க, நான் பஸ் மிதிக்கிறன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பூசாரியாரிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

கேட்கிறேன் என்று வெளிக்கிட்டேன். கோயில் வாசல்வரை போனேன். பூசாரியார் ஆண்களோடு பந்தல் வேலையில் நின்றார். என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டால் எந்த இடத்தைச் சொல்வது? புருஷன் பெண்சாதி சேருவதால் தொற்றுகிற வைரஸ் என்று யாரிடம் சொல்வது? திரும்பி வந்து, "ஏலாதெண்டு சொல்லிட்டார்" என்றேன். மிஸியிடம் மகளுக்குக் காய்ச்சல் என்றேன்.

மகள் தீ மிதித்தாள். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பார்த்தாயா என்றேன்.

அதன்பின் மருமகனுக்குக் கரைவலை மீன்பிடிக் காலம். முல்லைத்தீவில் மீன்பிடிகாரர் தங்கும் வாடியில் சமைக்க மகளும் போனாள். வந்ததும் மிஸி இன்னொரு திகதி எடுத்துத் தந்தார். அதுவும் தவறியது. "ஒண்டும் நோகல்லத்தானே, அம்மா" என்று பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள். மூன்று வருஷம் அப்படியே போனது. இரத்தம் பட்ட பிறகுதான் ஓடினோம். டாக்டரம்மா இந்தமுறை மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டு, என்னைத் தனியே வரச் சொன்னார்.

மகளின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் பூசாரியாரும் வந்திருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"புள்ளைக்கு என்ன வருத்தமக்கா?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். திகதி காப்புக்குள் வந்ததையும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே காப்ப அவிழ்த்து அம்மன்ட காலடியில வச்சிருப்பனே. எத்தின பேருக்கு அவிழ்த்திருக்கன்" என்றார். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "என்ட பொஞ்சாதியும் அந்தக் கிளினிக்குக்குப் போனவதானே" என்றார்.

அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வேலி தள்ளி. மகள் கடைசிவரை, பூசாரியார்தான் ஏலாதென்று சொன்னவர் என்று நம்பிக்கொண்டே போனாள்.