பன்னிரண்டுக்கு மேல் ஒரு சீட்டு

ஆறு வருஷம் நான் சீட்டைத் தொடவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. தொட்டால் மனைவி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்கிற பயத்தில்தான் தொடாமல் இருந்தேன். அதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இஷ்டமில்லை. சீட்டு மேஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியாத ஆள் நான் என்பது யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

போன வருஷம் எங்கள் அலுவலக விருந்தில் பிளாக்ஜாக் போட்டி வைத்தார்கள். துறைமுகச் சரக்குகளுக்குக் காகிதம் தயாரிக்கிற அலுவலகம் அது. பணம் கிடையாது. ஆளுக்கு ஐம்பது பிளாஸ்டிக் வில்லை, கடைசியில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவருக்குச் சார்ஜ் ஏற்றி ஓட்டுகிற மின்விசிறி ஒன்று. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் அது ஒன்றும் சின்னப் பரிசில்லை. மேலாளர் என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டார். பழைய கீர்த்தி அப்படி.

வீட்டுக்குத் தெரியாமல் போய் ஆடிவிட்டு வரலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மனைவியிடம் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆடுங்க. நான் பின்னால உக்காந்திருப்பேன். மறுபடியும் அந்தக் கிறுக்கு பிடிச்சா உங்க மொகத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோகும். அப்புறம் நான் உங்ககூட வீட்டுக்கு வரமாட்டேன்."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் சும்மா சொன்ன பேச்சு ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. இருந்தும் சரி என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் என் பாதிக் கஷ்டம் வந்தே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராகச் சீட்டு மேஜைக்குப் போன கிறிஸ்தவன் யாங்கோனில் அன்றைக்கு நான் ஒருவன்தான் இருந்திருப்பேன். சீட்டுப் போட்டவர் எங்கள் கிடங்குப் பொறுப்பாளர். பர்மியர், நல்ல மனிதர், சட்டம் பேசுவதில் மட்டும் கெட்டி. தொடங்கும்போதே சொல்லிவிட்டார்: சீட்டு வேண்டுமென்றால் "பே", அதாவது கொடு. நிறுத்திக்கொள்வதென்றால் "தோபீ", அதாவது போதும். வாயை விட்டு வந்த சொல்லைத் திரும்ப வாங்க முடியாது.

இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடுபவரைவிட அதிகம் எடுக்க வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் அவரை ஜெயிப்பது இரண்டாம் பட்சம். பக்கத்தில் இருப்பவனிடம் எத்தனை வில்லை இருக்கிறது என்று ஒரு கண் வைத்துக்கொண்டே ஆட வேண்டும். முதல் சுற்றில் எனக்குப் பதினாறு வந்தது, அவருக்கு முன்னால் ராஜா, அது பத்துக்குச் சமம். பிளாக்ஜாக்கில் இதைவிடக் கேவலமான இடம் கிடையாது. எடுத்தால் தாண்டும், எடுக்காவிட்டால் தோற்கும். தனியாக ஆடினால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு எனக்கு அடுத்து ஆட வேண்டிய இரண்டு பேரும் என்னைவிட அதிகமாக வைத்துவிட்டு, பதினைந்தோடும் பதினாலோடும் முழித்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுக்கவில்லை. அவர்கள் எடுத்தார்கள், தாண்டினார்கள். சீட்டுப் போட்டவருக்கு இருபது. எல்லோருமே தோற்றோம், ஆனால் மூவரில் குறைவாகத் தோற்றவன் நான்.

அந்த நேரத்தில்தான் அது வந்தது. நாக்கு வறண்டு, காது சூடாகி, உலகத்தில் அந்த மேஜையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போகிற அந்தப் பழைய நிலை. கையில் இருப்பது பிளாஸ்டிக் என்பதே மறந்துவிட்டது. பின்னால் திரும்பி மனைவியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. உண்மையில் பயந்துபோனேன்.

கடைசிக் கைக்கு நானும் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணும் மிஞ்சினோம். என்னிடம் அறுபது வில்லை, அவளிடம் நாற்பத்தைந்து. நான் முதலில் வைக்க வேண்டும். முப்பத்தொன்று வைத்தேன். அவள் இருப்பதை எல்லாம் வைத்து ஜெயித்தாலும் தொண்ணூறுதான், நான் ஜெயித்தால் தொண்ணூற்றொன்று. அவள் எதிர்பார்த்தபடியே எல்லாவற்றையும் தள்ளினாள். எனக்குப் பன்னிரண்டு, அவளுக்குப் பதினெட்டு, சீட்டுப் போடுபவருக்கு முன்னால் அஞ்சு. பதினேழு வரும்வரை அவர் எடுத்தே ஆக வேண்டும், அஞ்சைக் காட்டிக்கொண்டிருப்பவர் தாண்டித் தொலையத்தான் வாய்ப்பு அதிகம். நான் பன்னிரண்டோடு சும்மா இருப்பதுதான் சரி.

அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போய், ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. பின்னாலிருந்து மனைவி தமிழில், தண்ணி வேணுமா என்று கேட்டாள். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான் சீட்டுப் போடுபவரிடம் சொல்ல வேண்டியதை அவளுடைய பாஷையிலேயே சொல்லிவிட்டேன்.

"போதும்."

பர்மிய பாஷையில் "போ" என்றால் இன்னும், அதிகமாக என்று அர்த்தம். ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்கு முதல் பாதிதான் கேட்டிருக்கிறது. "போ" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் போட்டார். பத்து. இருபத்திரண்டு.

போதும் என்பது வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துக் கத்திய சொல். சீட்டு மேஜையில் நானாக அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

ஒரே கூச்சல். என்ன நடந்தது என்று தமிழ் தெரிந்த மேலாளர் விளக்கினார். சீட்டைத் திரும்ப எடுங்கள் என்றார்கள் சிலர். அந்தப் பெண்ணே எடுத்துவிடலாம் என்றாள். கிடங்குப் பொறுப்பாளர் மட்டும், சொன்னது சொன்னதுதான் என்று நின்றார். பழைய நானாக இருந்தால் மேஜை அந்நேரம் தலைகீழாகக் கிடந்திருக்கும். என் கோபம் இதோ வந்துவிடும் என்று நானே காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, தலையில் வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த சுகம்தான் வந்தது. தப்பு என்னுடையது, சீட்டு அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அவர் தன் சீட்டுகளைத் திருப்பினார். அஞ்சு, ராணி, ஒன்பது. தாண்டிவிட்டார். நான் பர்மிய பாஷையில் பேசியிருந்தால் ஒரு வில்லையில் ஜெயித்திருப்பேன். மின்விசிறி அந்தப் பெண்ணுக்குப் போனது. எனக்குப் பின்னால் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சீட்டு மேஜைப் பக்கத்தில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

விருந்து முடிந்ததும் நாலைந்து பேர் பின்அறையில் காசு வைத்து ஆட உட்கார்ந்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சயா, வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அந்த நாற்காலியைப் பார்த்தேன். நாக்கு வறளவில்லை, காதும் சுடவில்லை. வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாடா என்று இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் மனைவி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து, நகரத்துக்கு வடக்கே மிங்கலாடோனில் இருக்கிற மகளைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு நான் வரலம்மா. விரிச்ச படுக்கைய எடுத்து வச்சிரு."

மகள் பர்மிய பாஷையில் ஏதோ கேட்டாள். அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார், இரண்டு பேரும் வீட்டுக்குத்தான் போகிறோம் என்று இவள் சொன்னாள். மனைவியுடைய துணிமணிகளும் வேதாகமமும் முந்தின நாளே ஒரு பையில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மிங்கலாடோனுக்குப் போய் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.